கண்ணைத் திறக்காத ஆமைக் குஞ்சு: முதல் தடவை வளர்க்கிறேன், உதவி தேவை

#1 மழைக்குருவி
வணக்கம். இங்க சேர்ந்து பத்து நிமிஷம்தான் ஆச்சு, தப்பான பிரிவுல போட்டிருந்தா மாத்திடுங்க.

வீட்டுக்கு ரெண்டு ஆமைக் குஞ்சு வந்து இன்னியோட பதினோரு நாள். கண்ணுக்குப் பின்னாடி சிவப்புப் பட்டை இருக்கிற வகை, ரெட் இயர்ட் ஸ்லைடர்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒவ்வொண்ணும் தீப்பெட்டியைவிடச் சின்னது. பொண்ணு ஒண்ணுக்குப் புள்ளின்னும், வால் வளைஞ்ச இன்னொண்ணுக்குக் கமான்னும் பேர் வச்சிருக்கா. புள்ளி நல்லா சாப்பிடுது. கமா முதல் ரெண்டு நாள் சாப்பிட்டதோட சரி, இப்ப ஒன்பது நாளா எதையும் தொடலை. நேத்துலேர்ந்து கண்ணே திறக்கலை. இமை ரெண்டும் உப்பிப் போய், அவரைக்கொட்டை ஒட்ட வச்ச மாதிரி இருக்கு. அப்பப்ப முன்னங்காலால கண்ணைத் தேய்ச்சுக்குது.

கூடவே குடுத்த பிளாஸ்டிக் தொட்டிலதான் இருக்கு. நடுவுல ஒரு மேடு, மேல பிளாஸ்டிக் மரம். தண்ணி மூணு விரல் உயரம், தினமும் மாத்துறேன். அடியில கலர் கூழாங்கல். சாப்பாடு, காய்ஞ்ச இறால் டப்பா. ஜன்னல் ஓரத்துல இருக்கு, காலைல கண்ணாடி வழியா வெயில் நல்லா விழும்.

கமா தூங்குதா, இல்ல நோயா? இதுக்குன்னு சொட்டு மருந்து ஏதாவது இருக்கா?

#2 சும்மாஇரு
பயப்படாதீங்க. இடம் மாறினா அப்படித்தான் இருக்கும், பசிச்சா தானா சாப்பிடும். நான் மூணு வருஷமா கிண்ணத்துலதான் வச்சிருக்கேன். லைட்டு, ஹீட்டர்னு எதுவும் இல்லை. அன்னிக்கு வாங்கினப்ப இருந்த அதே சைஸ்ல இன்னும் அழகா இருக்கு.

#3 ஓட்டுக்காரன்
மழைக்குருவி, மருந்துக்கு முன்னால் நாலு விஷயம் தெரிய வேண்டும். தண்ணீர் எத்தனை டிகிரி? கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்துச் சொல்லுங்கள். கமா மிதக்கும்போது நேராக மிதக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்தா? மூக்கில் நுரையோ குமிழோ தெரிகிறதா, வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? மேலோட்டின் விளிம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் வளைகிறதா?

கூழாங்கல்லை இப்போதே எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் அதைத் தீனி என்று நினைத்து விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். அடியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கல் போட்டே ஆகவேண்டும் என்றால் அதன் தலையைவிடப் பெரிய கல்லாகப் போடுங்கள்.

(பெயரைப் பார்த்துத் தேர்தல் நேரத்தில் தனிமடல் அனுப்புகிறவர்களுக்கு: இது ஆமை ஓடு.)

#4 சும்மாஇரு
இப்படித்தான் புதுசா வர்றவங்களை மிரட்டி அனுப்பிடுறீங்க.

#5 மழைக்குருவி
தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன். தண்ணி 21. மேட்டுக்கு மேல 22. நேராத்தான் மிதக்குது, மூக்குல எதுவும் இல்லை, வாயும் மூடித்தான் இருக்கு. ஓடு கமாவுக்கு லேசா அமுங்குது, புள்ளிக்கும் கொஞ்சம் அப்படித்தான். அது தப்பா?

#6 ஓட்டுக்காரன்
ரொம்பச் சின்னக் குஞ்சுக்கு ஓடு கொஞ்சம் நெகிழ்வாக இருப்பது இயல்பு, முக்கியமாக அடிப்பக்கம். மாதங்கள் போகப் போக இறுக வேண்டும். இறுகாமல் போனால்தான் வம்பு. இப்போதைக்கு அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அந்த 21. ஆமைக்கு நம்மைப் போல உள்ளே அடுப்பு கிடையாது. வெளிச்சூடுதான் அதன் உடம்புச்சூடு. 21-இல் குஞ்சின் வயிறு வேலை செய்யாது, பசி எடுக்காது, நோயை எதிர்க்கும் சக்தியும் படுத்துவிடும். அதற்குத் தண்ணீர் 26 முதல் 28 வரை இருக்க வேண்டும். வெயில் காயும் மேட்டின் பரப்பு 32 முதல் 35 வரை. மேடு முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், அடிவயிறு வரை காய வேண்டும். தண்ணீரும் மேடும் ஒரே சூட்டில் இருந்தால் அது மேலே ஏறுவதற்குக் காரணமே இல்லை. உங்கள் தொட்டியில் வித்தியாசம் ஒரு டிகிரி. அது காய்கிற இடமே இல்லை.

அடுத்தது ஜன்னல் வெயில். எலும்புக்கு வேண்டிய புற ஊதா பி கதிரைக் கண்ணாடி கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டும்தான். அந்தச் சூடும் ஆபத்து. சின்னத் தொட்டி, கொஞ்சம் தண்ணீர், நேர் வெயில் என்றால் அரை மணியில் கொதிநீர்த் தொட்டிதான். இன்றே ஜன்னலை விட்டு நகர்த்துங்கள்.

#7 நாலாம்வருஷம்
அக்கா, நான் கால்நடை மருத்துவம் படிச்சிட்டிருக்கேன், இன்னும் டாக்டர் ஆகலை. அதை மனசுல வச்சுக்கிட்டு இதைப் படிங்க.

குஞ்சுக்கு இமை உப்புறதுக்குப் பொதுவா ரெண்டு காரணம். ஒண்ணு அழுக்குத் தண்ணி, இல்லன்னா குளோரின் தண்ணி. ரெண்டாவது வைட்டமின் ஏ குறைபாடு. குஞ்சு பொரியும்போது மஞ்சள் கருவிலேர்ந்து கொஞ்சம் ஏ கையிருப்போட வரும். அது தீர்ற வரைக்கும் வெளியில எதுவும் தெரியாது. காய்ஞ்ச இறால் மட்டும் போட்டுட்டே இருந்தா, கையிருப்பு தீர்ந்ததும் கண்ணுலதான் முதல்ல காட்டும். கண் திறக்காட்டி இரை தெரியாது, தெரியாட்டி சாப்பிடாது, சாப்பிடாட்டி இன்னும் குறையும். அந்தச் சுழல்ல மாட்டினப்புறம்தான் நிறைய குஞ்சு போகுது.

நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா எது காரணம்னு என்னால சொல்ல முடியாது, ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால வைட்டமின் ஏ சொட்டு மருந்தை நீங்களா வாங்கி ஊத்தாதீங்க. அது உடம்புல தங்கிக்கிற வைட்டமின். அளவு மீறினா தோல் உரிஞ்சு புண்ணாகும். மனுஷங்களோட கண் சொட்டு மருந்தும் வேண்டாம். ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட ரெண்டு நாளைக்குள்ள காட்டிடுங்க. அதுவரைக்கும் கமாவைத் தனியா, 28 டிகிரித் தண்ணில, மூக்கு வெளியில இருக்கிற ஆழத்துல வைங்க. சோர்ந்து போன குஞ்சு ஆழத்துல மூழ்கிச் செத்துடும். ஆமைதானே, மூழ்காதுன்னு நினைக்காதீங்க, அதுக்கும் மூச்சு நுரையீரல் வழியாத்தான்.

#8 பாசிபிடித்தவன்
நான் மீன் ஆள், ஆமை பத்தி அதிகம் தெரியாது. ஆனா "தினமும் தண்ணி மாத்துறேன்"னு படிச்சதும் ஒரு கேள்வி. குழாய்த் தண்ணியை நேரா ஊத்துறீங்களா? குளோரின் நீக்கி ஏதாவது போடுறீங்களா?

#9 மழைக்குருவி
நேராத்தான் ஊத்துறேன். அதுலயும் தப்பா? 😔 மனசு கஷ்டமா இருக்கு. சுத்தமா வச்சிருக்கோம்னு நினைச்சேன்.

#10 பாசிபிடித்தவன்
உங்க தப்பு இல்லைங்க, இதை யாரும் சொல்லித் தர்றதில்லை. குளோரின் நீக்கி ரெண்டு சொட்டு போட்டாப் போதும். தண்ணியைத் திறந்த வாளியில ஒரு நாள் வச்சாலும் வெறும் குளோரின் போயிடும். சில ஊர்ல குளோரமின் கலக்கிறாங்க, அது நின்னாலும் போகாது, அதனால சொட்டுதான் நம்பிக்கை. மாத்துற தண்ணியும் தொட்டித் தண்ணியும் ஒரே சூட்டுல இருக்கட்டும்.

பெரிய விஷயம் என்னன்னா, ஆமை சாப்பிடுறதைவிடப் போடுறது அதிகமோன்னு தோணும். அந்தக் கழிவுலேர்ந்து அம்மோனியா வரும். அதுக்குக் கண்ணும் தோலும் எரியும். பெரிய தொட்டி, நல்ல ஃபில்டர் இருந்தா அதுல ஒரு வகை பாக்டீரியா குடியேறி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டால அவ்வளவு கெடுதல் இல்லை, வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்தினா கட்டுக்குள்ள இருக்கும். இந்தக் குடியேற்றத்துக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் பரிசோதனைக் குப்பி வச்சு அளந்துக்கிட்டே இருங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் வரணும்.

கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிற தண்ணியிலயும் அம்மோனியா இருக்கும். கண்ணால பார்த்து ஏமாந்துடாதீங்க.

இன்னொண்ணு, எல்லாரும் பண்ற கூத்து. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில பளபளன்னு கழுவிடுவாங்க. ஆறு வாரமா குடியேறினதெல்லாம் ஒரே நிமிஷத்துல குளோரின்ல காலி. வெளியே எடுத்த தொட்டித் தண்ணியிலயே ரெண்டு தடவை பிழிஞ்சு விடுங்க, போதும்.

#11 ஓட்டுக்காரன்
தொட்டி அளவைப் பற்றி. ஓட்டு நீளம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பத்து காலன், அதாவது சுமார் 40 லிட்டர் என்பது இவற்றை வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. இரண்டு குஞ்சுக்குக் குறைந்தது 100 லிட்டரில் ஆரம்பிக்கலாம். ஆனால் வளர்ந்த பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை போகும், ஆண் 15 முதல் 20 வரை. தீப்பெட்டி ஒருநாள் சாப்பாட்டுத் தட்டாகும். நல்லபடியாக வைத்துக்கொண்டால் 20, 30 வருடம் இருக்கும், 40-ஐத் தொடுவதும் உண்டு. என்னிடம் இருப்பதற்குப் பதினாலு வயது. அது வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

தனித்தனி இழையாகச் சிதறிக் கிடப்பதைத் தேடச் சொல்வதற்குப் பதில் லைட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலைக்கு இரண்டு லைட் வேண்டும். சூட்டுக்கு ஒன்று, எரியும்போது சூடாகிற பழைய வகைக் குமிழ் பல்பு போதும். புற ஊதா பி-க்கு ஒன்று. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்புக்குப் போய்ச் சேரும். ஓடு எலும்புதான், முதுகெலும்பும் விலா எலும்பும் அதோடு ஒட்டியே இருக்கின்றன. கதிர் இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து போட்டாலும் ஓடு மெழுகு மாதிரி ஆகும், கால் வளையும்.

நீளக் குழல் வகை நல்லது, கதிர் பரவலாக விழும். பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தில், மேட்டுக்கு நேர் மேலே, நடுவில் கண்ணாடியோ அக்ரிலிக்கோ இல்லாமல் மாட்டுங்கள். நெருக்கமான கம்பி வலையும் கணிசமாகக் குறைத்துவிடும். பகலில் 12 மணி நேரம், இரவில் இரண்டையும் அணைத்துவிடுங்கள், அதற்கும் தூக்கம் வேண்டும். முக்கியமான ஒன்று: கதிர் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும், வெளிச்சம் தீராது. எரிகிறதே என்று விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். நான் மாட்டிய தேதியைப் பல்பின் அடியில் பேனாவால் எழுதி வைப்பேன்.

#12 மணல்கடிகாரம்
ஓட்டுக்காரன் சொன்ன கடைசி வரி எனக்கு நடந்தது. லைட் வாங்கினேன், மாட்டினேன், இரண்டரை வருடம் அதே லைட். தினமும் எரிந்தது. ஒருநாள் கையில் எடுத்தபோது ஓட்டின் பின்பக்கம் என் கட்டைவிரலுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பு போல அமுங்கியது. அப்போதுதான் உறைத்தது. டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் தெரிந்தது. நாலு மாதம் பார்த்தோம், பிழைக்கவில்லை.

அந்த லைட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போட்டால் இப்போதும் எரிகிறது.

#13 மழைக்குருவி
மணல்கடிகாரம், படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்ச வரலை. சொன்னதுக்கு நன்றி.

நேத்து ராத்திரியே பண்ணினது: கூழாங்கல் வெளியே. கமா தனி டப்பால, ஹீட்டரோட, 28. மூக்கு மட்டம் தண்ணி. புள்ளி ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டில. முதல்ல போன் பண்ணின டாக்டர் நாய், பூனை தவிர எதுவும் பார்க்கிறதில்லைன்னுட்டார். ரெண்டாவதா ஒருத்தர் வரச் சொல்லியிருக்கார், நாளைக்குக் காலைல போறோம். எப்படிக் கொண்டு போறது? தண்ணியோடவா?

#14 நாலாம்வருஷம்
தண்ணி வேண்டாம் அக்கா, வண்டி குலுங்கினா மூழ்கும். மூடி போட்ட டப்பால ஈரத்துணி விரிச்சு, மூடில காத்துக்கு ஓட்டை போட்டு, மேல ஒரு துண்டைச் சுத்துங்க. சூடு போகாம இருக்கும். இப்ப தொட்டில இருக்கிற தண்ணியைக் கொஞ்சம் பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க, எச்சம் போட்டிருந்தா அதையும் ஒரு டப்பில எடுத்துக்கோங்க. போறதுக்கு முன்னாடி எடை பாருங்க. சமையலுக்கு வச்சிருக்கிற தராசு வேண்டாம், தனியா ஒண்ணு. குஞ்சு விஷயத்துல நாலு வரி அறிகுறியைவிட எடை நல்லாப் பேசும்.

#15 சும்மாஇரு
ஒரு ஆமைக்கு ஆஸ்பத்திரி, தராசு, எக்ஸ்ரே. 😂 குளத்துல இருக்கிற ஆமைக்கு யாரு ஹீட்டர் வச்சாங்க? ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு பெரியவங்க சொன்னது கரண்டு பில்லை நினைச்சுத்தான் போல.

#16 ஓட்டுக்காரன்
பழமொழி பொருத்தம்தான், சிரித்துவிட்டேன். ஆனால் குளத்துக் கதையைக் கொஞ்சம் யோசியுங்கள். குளத்தில் மேலே நேர் சூரியன். தண்ணீர் குளிர்ந்தால் கரையேறும், சுட்டால் ஆழத்துக்குப் போகும். எந்தச் சூடு வேண்டுமோ அங்கே தானே நகர்ந்து போய்க்கொள்ளும். கிண்ணத்தில் அது எங்கே போகும்? தவிர, குளத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை வளர்வதே இல்லை. அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவர யாருக்கும் மனசு வராது.

நீங்கள் பெருமையாகச் சொன்ன இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மூன்று வருடமாக அதே சைஸ் என்றீர்களே. இந்த வகை மூன்று வருடத்தில் கையளவாவது ஆகியிருக்க வேண்டும். வளராத ஆமை என்றால் அதன் உடம்பில் எதுவோ நடக்கவில்லை என்று அர்த்தம். கோபப்படாமல் ஓட்டு நீளத்தை ஒரு தடவை அளந்து போடுங்கள்.

#17 சும்மாஇரு
நான் கேள்வி கேட்டு வரலை. நன்றி, வணக்கம்.

#18 பாசிபிடித்தவன்
ஒரு வேண்டுகோள், எல்லாருக்கும். நம்ம மொழியில தண்ணில இருக்கிறதும் ஆமை, தரையில இருக்கிறதும் ஆமை. போன மாசம் ஒருத்தர் "ஆமைக்குத் தண்ணி தொட்டி வேண்டாம், புல்லு போதும்"னு எழுதினதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் ஸ்லைடரைக் காய்ஞ்ச பெட்டில வச்சிருந்தார். அவர் சொன்னது நிலத்து ஆமைக்கு, இவர் வச்சிருந்தது நீராமை. பதில் எழுதும்போது எதுன்னு சொல்லிட்டு எழுதுங்க. நீராமை தண்ணிக்குள்ள தலை இருந்தாத்தான் இரையை விழுங்கும். நிலத்து ஆமையை ஆழத்துல விட்டா அதோட கதை முடிஞ்சது.

#19 மழைக்குருவி
டாக்டர் பார்த்துட்டார். கமா எடை 7 கிராம், புள்ளி 11. தண்ணில அம்மோனியா அதிகம், இறால் மட்டும் குடுத்ததால ஏ குறைபாடும் இருக்கும்னார். எடை பார்த்து அவரே ஒரு ஊசி போட்டார், கண்ணுக்கு மருந்து குடுத்திருக்கார். மருந்து போட்டதும் அரை மணி வெளியில வச்சுட்டு அப்புறம் தண்ணில விடணுமாம்.

கண்ணு மூடியிருக்கும்போது எப்படி ஊட்டுறது? வாயைத் திறக்கப் பார்த்தேன், நகத்தளவு வாய், பயந்து விட்டுட்டேன்.

#20 நாலாம்வருஷம்
விட்டது நல்லது. தாடை ஒடிஞ்சிடும். வலுக்கட்டாயம் வேண்டவே வேண்டாம். மண்புழுவைச் சின்னத் துண்டா நறுக்கி மூக்குக்கு முன்னாடி தண்ணிக்குள்ள லேசா ஆட்டுங்க. கண் தெரியாட்டியும் வாசனை தெரியும். உரம், பூச்சிமருந்து படாத மண்ணுல எடுத்த புழுவா இருக்கணும். சாப்பிடாட்டி பத்து நிமிஷத்துல எடுத்துட்டுத் தண்ணியை மாத்திடுங்க. சூடு சரியானா பசி வர ரெண்டு மூணு நாள் ஆகும்.

புள்ளிக்கு இப்பவே தீனியை மாத்துங்க. நீராமைக்குன்னு வர்ற பெல்லட்தான் அடிப்படை. அளவு, அதோட தலை காலி டப்பாவா இருந்தா எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு, நாளைக்கு ஒரு தடவை. குஞ்சுக்கு மாமிசச் சத்து அதிகம் வேணும், வளர வளர இலை அதிகமாகணும், வளர்ந்த ஸ்லைடர் பாதிக்கு மேல இலைதான் தின்னும். அசோலா, டக்வீட் மாதிரி தண்ணிச் செடியை மிதக்க விடுங்க. இப்ப திரும்பிக்கூடப் பார்க்காது, ஆனாலும் விடுங்க, ஒருநாள் கடிக்கும். கணவாய் ஓட்டுத் துண்டு ஒண்ணு மிதக்கட்டும், சுண்ணாம்புச்சத்து. இறால் எப்பவாவது ஒண்ணு. ரொட்டி, பால் எல்லாம் கூடாது.

எப்பப் பார்த்தாலும் பசிக்கிற மாதிரி கண்ணாடியில முட்டி நீந்தும். அது நடிப்பு, நம்பாதீங்க.

#21 மணல்கடிகாரம்
மழைக்குருவி, உங்கள் மகளுக்கு என்ன வயது?

#22 மழைக்குருவி
நாலு முடிஞ்சு அஞ்சாகப் போகுது. ஏன்?

#23 மணல்கடிகாரம்
ஆமைகள் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். சின்னக் குழந்தைக்குப் போனால் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமையைச் செல்லப்பிராணியாக விற்பதற்கு 1975-இல் தடை போட்டதே இதற்காகத்தான். அந்த அளவுக்கு மேலும் கிருமி இருக்கும், ஆனால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ள முடியாது.

ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தை ஆமையைத் தொடாமல் இருப்பதே நல்லது. பேர் வைக்கட்டும், தீனி போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நீங்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டி, ஃபில்டர், வாளி எதையும் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

#24 மழைக்குருவி
இது வரைக்கும் அவ ஆமைக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் தூங்கப் போவா. 😳 இன்னியோட நிறுத்தியாச்சு. பெரிய சண்டை. கடைசில, தினமும் தெர்மாமீட்டர் படிச்சு எனக்குச் சொல்ற வேலையை அவளுக்குக் குடுத்தேன். "அம்மா ரெண்டு ஏழு"ன்னு கத்துவா.

#25 நெறியாளர்
தலைப்பில் முதல் தடவை வளர்ப்பவர் என்று இருப்பதால் இழையை மேலே ஒட்டி வைக்கிறேன். தனிமடலில் "வளர்க்க முடியவில்லை, ஏரியில் விடலாமா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விடக்கூடாது. இந்த இனம் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இலேயே இதைத் தன் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உள்ளூர் ஆமையின் வெயில் மேட்டையும் இரையையும் இது பிடித்துக்கொள்ளும். முடியாதவர்கள் வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். எடுத்து வருவதற்கு முன், அந்த இனத்தை வீட்டில் வைக்க உங்கள் நாட்டுச் சட்டம் விடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#26 மழைக்குருவி
ஒன்பதாம் நாள். இன்னிக்குக் காலைல கமாவோட இடது கண்ணு ஒரு கோடு மாதிரி திறந்திருந்தது. பச்சையா ஒரு மினுக்கு. புழுத் துண்டை ஆட்டினேன், தலையைத் திருப்பிச்சு, யோசிச்சுது, ஒரு கடி. கடிச்சதும் ரெண்டு முன்னங்காலாலயும் அதைப் பிச்சு எறிஞ்சு, திரும்பப் போய்ப் பிடிச்சுது. நானும் பொண்ணும் சத்தமே போடாம குதிச்சோம்.

எடை 8.

#27 நாலாம்வருஷம்
🎉 அந்த ஒரு கிராம் பெருசு அக்கா.

#28 மழைக்குருவி
ஆறாவது வாரம். 120 லிட்டர் டேங்க், ஃபில்டர், ரெண்டு லைட்டு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் நாலு நாளா பூஜ்யம். ரெண்டு கண்ணும் திறந்தாச்சு, எடை 12. நேத்துத்தான் ரெண்டையும் ஒண்ணா விட்டேன். மேட்டுல ஏறிப் பின்னங்கால் ரெண்டையும் நீட்டி, கழுத்தை எட்டின மட்டும் நீட்டிக்கிட்டுக் காயுது.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, புள்ளி கமா முகத்துக்கு நேரா வந்து முன்னங்கால் நகத்தை விறுவிறுன்னு ஆட்டுது. பொண்ணு டாட்டா காட்டுதுங்கிறா. ரெண்டு, புள்ளி ஓட்டுலேர்ந்து கண்ணாடித்தாள் மாதிரி ஒண்ணு உரியுது. ஓட்டழுகலா?

#29 ஓட்டுக்காரன்
மகளிடம் சொல்லாதீர்கள், அது டாட்டா இல்லை. வளர்ந்த ஆண், பெண்ணிடம் அப்படிச் செய்வது காதல். இந்த வயதில் அதுவே "இங்கே நான்தான்" என்கிற மிரட்டல். கூடவே வாலைக் கடிப்பது, மேட்டிலிருந்து தள்ளிவிடுவது, ஒன்று மட்டும் தின்பது என்று ஆரம்பித்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஆமைக்குத் துணை தேவையில்லை, தனியாக இருந்தால் ஏங்காது. என் கணிப்பு, இரண்டு வருடத்துக்குள் உங்களுக்கு இரண்டாவது டேங்க் தேவைப்படும். ஆணா பெண்ணா என்று 10 சென்டிமீட்டர் தாண்டினால்தான் ஓரளவு தெரியும், ஆணுக்கு முன்நகமும் வாலும் நீளும். உண்மையில் அது முட்டைக்குள்ளேயே முடிவான விஷயம். 26 டிகிரியில் அடைகாத்தால் ஆண், 31-இல் பெண்.

உரிவது ஓட்டுத் தகடு. வளரும்போது பழைய மேல்தகடு மெல்லிசாகக் கழன்று விழும். பிய்க்காதீர்கள், தானாக விழட்டும். அழுகல் என்றால் நாற்றம் வரும், குழி விழும், அந்த இடம் நைந்து இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ தெரியும். முகர்ந்து பாருங்கள், தூரத்திலிருந்து.

#30 மழைக்குருவி
முகர்ந்தேன். குளத்து வாசனைதான். உரிஞ்ச தகட்டைக் கமா தின்னுடுச்சு.

#31 பாசிபிடித்தவன்
அதுவும் சுண்ணாம்புச்சத்துன்னு நினைச்சிருக்கும். 😄

#32 சும்மாஇரு
ஓட்டு நீளம் 5.5 சென்டிமீட்டர். தண்ணி 22. விளிம்பு அமுங்குது. அடியில பின்பக்கம் இன்னும் அதிகமா.

#33 மணல்கடிகாரம்
நன்றாகச் சாப்பிடுகிறதா? பின்னங்காலால் உடம்பைத் தூக்கி நடக்கிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா?

#34 சும்மாஇரு
சாப்பிடுது. இடது பின்னங்கால் இழுக்குது. அதோட நடையே அப்படித்தான்னு நினைச்சேன்.

#35 மணல்கடிகாரம்
கையில் எடுக்கும்போது அழுத்தாதீர்கள், எலும்பு ஒடியும். நாளைக்கே டாக்டர். எக்ஸ்ரே கேளுங்கள். சுண்ணாம்புச்சத்து மருந்து வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். நான் இன்று இரவு இங்கேதான் இருப்பேன், ஹீட்டரும் லைட்டும் எங்கே எப்படி மாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் அது இருக்கும் கிண்ணத்தின் படம் ஒன்று போடுங்கள்.